பேச்சு திரும்பாத வீட்டில் எங்கள் செபம்

என் கணவர் அமலன் பேசி மூன்று வருடம் ஆகிறது. அவர் குணமாகிவிட்டார் என்று சொல்ல நான் உங்கள் முன்னால் வரவில்லை, அன்பானவர்களே. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் திருச்சியில் தமிழாசிரியராக இருந்தார். நாள் முழுக்க வகுப்பில் பேசிவிட்டு வந்து, வீட்டிலும் பேசிக்கொண்டே இருப்பார். மூன்று வருடம் முன்பு தவக்காலத்தில் ஒரு காலை, சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. உயிர் பிழைத்தார், பேச்சு போய்விட்டது. நாங்கள் சொல்வதெல்லாம் புரியும். வாயைத் திறப்பார், ஏதோ சத்தம் வரும், கண் கலங்கிவிடும்.

மாடி ஏற முடியாதென்று ஸ்ரீரங்கத்தில் கீழ்த்தளத்தில் ஒரு வீடு பார்த்துக் குடிவந்தோம். பகலில் அவருடைய தங்கை லில்லி பார்த்துக்கொண்டாள். நான் ஆபீஸ் போகவேண்டும். 'ஆண்டவரே, ஒரு வார்த்தையாவது பேச வையும்' என்று கேட்டேன். ஒன்பது நாள் நவநாள் செபம் செய்தேன். நோன்பு இருந்தேன். காவிரிப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றுகொண்டே செபமாலை சொன்னேன். பேச்சுப் பயிற்சிக்கும் விடாமல் கூட்டிப்போனேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஒருநாள் எங்கள் செபக்குழுவிலிருந்து ஒரு அக்கா வந்தார். கிளம்பும்போது வாசலில் நின்று, "ஸ்டெல்லா, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க விசுவாசத்துல எங்கயோ குறை இருக்கு. இல்லாட்டி இவ்வளவு நாள் ஆகுமா?" என்றார்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அன்று மாலை நான் இயேசுவின் திருஇருதயப் படத்துக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றிச் செபிக்கவில்லை. மறுநாளும் ஏற்றவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர் இடது கையால் திருஇருதயப் படத்தைக் காட்டினார்.

"இனிமே என்னால முடியாதுங்க. கேக்க யாரு இருக்கா? வேணும்னா நீங்களே பண்ணிக்குங்க!" என்று கத்திவிட்டேன். பேச முடியாத மனிதரிடம்.

அவர் கட்டில் தலைமாட்டில் தொங்கிய செபமாலையை எடுத்தார். இடது கையாலேயே சிலுவை அடையாளம் போட்டார். உதடுகள் அசைந்தன, சத்தம் இல்லை. மணி நழுவியது. தேடிப் பிடித்து மறுபடி தொடங்கினார்.

லில்லி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள். "அண்ணி, நீங்க ஆபீஸ் போனதும் அண்ணன் தினமும் இப்படித்தான் பண்றாங்க. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

எனக்குத் தெரியாது. என்னைவிட அதிகம் இழந்தவர் அவர். அவர் விடவில்லை.

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருடைய உதட்டோடு சேர்ந்து சத்தமாகச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அழுதுவிட்டேன். அவர் மணியை நகர்த்தவில்லை. நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

ஏன் இன்னும் சுகம் வரவில்லை என்று எனக்கு இன்றும் தெரியாது. சில நாள் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தையும் ஆண்டவரிடமே சொல்கிறேன். என்னைத் தனியாக விடாமல், என் வீட்டுக்குள்ளேயே ஒருவரை வைத்து என்னைத் திரும்ப அழைத்தாரே, அதற்கு நன்றி சொல்கிறேன்.

கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனவர்கள் உங்களில் இருக்கலாம். வார்த்தை வராவிட்டாலும் ஆண்டவர் முன்னால் வந்து உட்காருங்கள். நாங்கள் தினமும் சாயங்காலம் உட்காருகிறோம். உங்களுக்காகவும் செபமாலையில் ஒரு மணி தள்ளுகிறார் என் கணவர்.