பீரோவுக்குப் பின்னால் பூசணம்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் இதைக் கேட்டுச் சிரிக்கலாம், சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவருக்கு என்னை இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். முதல் மனைவி ஜரீனா மவுத்தாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. எதனால் என்று கேட்டதற்கு மாமியார், "ஜுரந்தாம்மா, வேற இன்னா" என்றார். விட்டுவிட்டேன்.

ஐப்பசி மழை பிடித்தது பாருங்கள், கல்வராயன் மலை இருக்கிற திசையே தெரியவில்லை. எங்கள் படுக்கையறைச் சுவரெல்லாம் ஓதம் ஏறி, கறுப்புக் கறுப்பாகப் பூசணம், தலையணை வரைக்கும் அந்த நாற்றம். பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைத்தேன், ஈரத்துணியை அறைக்குள் காயப்போடுவதை நிறுத்தினேன், ஃபேனைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தேன், இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு மறுபடி வரும். "வூட்ட வெச்சிக்கத் தெரியாதவளுக்கு இப்டித்தான்" என்று மாமியார் என்னைத்தான் குத்துவார்.

ஒரு நாள் மத்தியானம், மாமியார் ஒரு நிக்காஹுக்குப் போயிருந்தார், என் வீட்டுக்காரர் கடையில். பீரோவுக்குப் பின்னாலிருந்துதான் பூசணம் பரவுகிறது என்று தோன்றியது. முக்கி முனகி அதை நகர்த்தினால், அங்கே ஒரு ஜன்னல். கதவுகளைச் சாத்தி ஆணி அடித்திருந்தார்கள். மரம் தெரியாத அளவுக்குப் பூசணம். ஆத்திரம் தாங்காமல், சின்னசேலத்தில் இருக்கும் என் தங்கைக்கு போனில் வாய்ஸ் மெசேஜ் போட்டுப் புலம்பினேன். உடனே அவள் கூப்பிட்டாள்.

"யக்கா, பக்கத்துல யாரு அப்டி இருமிக்கினு இருக்கறது? பாவம், மூச்சே வுட முடியல."

போட்டுக் கேட்டேன். என் பேச்சு முடிகிற இடத்தில் ஆரம்பிக்கிறது, ஒரு பெண்ணின் இருமல், நெஞ்சு இழுத்து இழுத்து, மெசேஜ் முடிகிற வரைக்கும். அல்லாஹ் அறிய, அந்த அறையில் நான் எதையும் கேட்கவில்லை.

மாமியார் வந்ததும் ஜன்னலைப் பற்றிக் கேட்டேன்.

"அவ எந்நேரமும் அதத் தொறந்து வுட்டுக்கினு நிப்பா, காத்து வேணுமாம். சாரல் அடிச்சி மெத்தையெல்லாம் பாழ். அதான் ஆணி அடிச்சி வுட்டாச்சி."

"அவங்களுக்கு இழுப்பு இருந்துச்சா மாமி?"

"இழுப்பாவது ஒண்ணாவது. வேலை செய்யாம இருக்க நடிப்பு."

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து சாப்பிட உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லாமல் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துப் போட்டுவிட்டேன். என் புலம்பல் முடிந்தது, இருமல் தொடங்கியது. அவர் தலைகூட நிமிரவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, தினமும் சொல்லிப் பழகின சலிப்போடு, "போதும், நிறுத்துடி" என்றார்.

என்னைச் சொல்லவில்லை. அது எனக்கும் தெரிந்தது, ஒரு நொடி கழித்து அவருக்கும் தெரிந்தது. பிசைந்த கை அப்படியே நின்றது. எழுந்து கை கழுவப் போனவர் அன்று சாப்பிடவில்லை.

மறுநாளே ஆசாரியைக் கூப்பிட்டு ஆணிகளைப் பிடுங்க வைத்தேன். யாரும் தடுக்கவில்லை. காற்று வந்தது, சுவர் காய்ந்தது, பூசணம் திரும்ப வரவில்லை. நம்பினால் நம்புங்கள், என்னைத் தூங்கவிடாதது இருமல் இல்லை. அவர் நிறுத்தச் சொன்னதும் அது நின்றுவிட்டது. போன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இப்போது தங்கையின் போனில் போட்டாலும் அந்த இடம் வரைக்கும்தான் இருமல், அப்புறம் வாயைப் பொத்தி அடக்குகிற மாதிரி ஒரு முனகல், பிறகு மழை. செத்த பிறகுமா அந்த மனுஷனுக்குப் பயப்படுவாள் ஒருத்தி?