வாத்துகளுக்கு ஏ.சி. போட்ட கோடை

என் சிறுவயதில் ஒரு கோடை முழுக்க நாங்கள் பாலைவனத்தில் குடியிருந்தோம். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, ரப்பர் தோட்டத்தைத் தாண்டி மேலே ஏறினால் அந்தப் பாலைவனம் வந்துவிடும். ஒரு காலத்தில் குன்றாக இருந்த இடம். ரோடு போடுவதற்கு மண்ணை அள்ளி அள்ளி, கடைசியில் ஒரு புல்கூட முளைக்காத சிவப்புத் தரையை மிச்சம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஊர்க்காரர்கள் அதைச் சவுதி என்பார்கள். நிஜமான சவுதியில் பல வருஷம் வேலை பார்த்துத் திரும்பிய என் மாமா அங்கேதான் கொஞ்சம் இடம் வாங்கினார். பாலைவனத்தில் சம்பாதித்ததைப் பாலைவனத்திலேயே கொண்டுபோய்ப் போட்ட ஒரே ஆள் இவன்தான் என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மாமா அம்மாவின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நிஜமான சவுதியில், பாலைவனத்துக்குள் ரோடு போடுகிறவர்களுக்குத் தண்ணீர் லாரி ஓட்டினார். ரோடு நீள நீள, அவர்கள் தங்கும் அறையும் சக்கரத்தின் மேல் கூடவே நகருமாம். ஊருக்கு வந்ததும் அதே மாதிரி ஒன்றைப் பழைய சாமான் விற்கிறவரிடம் வாங்கி, வெள்ளை பெயின்ட் அடித்து, டிராக்டர் கட்டி இழுத்துக் குன்றின் மேல் நிறுத்தினார். தகரச் சுவர், நான்கு சக்கரம், ஒரு ஜன்னல், ஒரு பழைய ஏ.சி. நாங்கள் அதைக் கேபின் என்றோம்.

நாங்கள் அங்கே போனதற்குக் காரணம் எங்கள் நாயும் நான்கு வாத்துகளும். குன்றுக்குக் கீழே, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த எங்கள் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டத் தொடங்கியிருந்தோம். அதுவரை இருக்க அப்பா நெய்யாற்றின்கரையில் ஒரு வாடகை வீடு பார்த்தார். மனிதர்கள் மட்டும் வரலாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். நாயை அப்பாவின் கூட்டாளி ஒருவர் வாங்கிக்கொள்வார், வாத்துகளைப் பற்றிக் கள்ளுக்கடைச் சமையல்காரரிடம் சொல்லியாயிற்று என்றாள் அம்மா. கள்ளுக்கடைக்குப் போகிற வாத்துக்கு என்ன ஆகும் என்பதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, மணம் ரோடு வரைக்கும் வரும். நான் சோறு வேண்டாம் என்று சுருண்டு படுத்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் மாமாவுக்குச் சேதி போய், ஆள் வந்துவிட்டார்.

“கேபின் சும்மா தானே கெடக்கு. எல்லாரும் அங்க வாருங்க. நாயும் வரட்டு, தாறாவும் வரட்டு” என்றார்.

எங்கள் ஊரில் வாத்தைத் தாறா என்றுதான் சொல்வோம். அம்மா ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். அந்தப் பொட்டல் வெயிலில் சமாளிக்க முடியவில்லை என்றால் வாத்துகள் கள்ளுக்கடைக்குப் போகும், அப்புறம் யாரும் அழக் கூடாது.

கேபினுக்குள் ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு தலையணை, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை எல்லாம் இருந்தன. அம்மா தட்டையும் தம்ளரையும் ஓரமாகத் தள்ளிவிட்டு எங்கள் பாத்திரங்களை அடுக்கினாள். சுவரோடு பொருத்திய இரண்டு கட்டில்களில் ஒன்றில் நானும் அம்மாவும், மற்றதில் அப்பா. மாமா மடக்குக் கட்டிலைக் கேபினுக்கு அடியில், சக்கரங்களுக்கு நடுவே போட்டுக்கொண்டார். நாயும் வாத்துக் கூடையும் அவர் பக்கத்தில். உள்ளே ஏன் வரவில்லை என்று நான் கேட்டபோது, “பாலைவனத்துல பழகினவனுக்கு உள்ள உறக்கம் வராது மக்கா. வெளியிலயாக்கும் சொகம்” என்றார். பகலில்கூட அவர் உள்ளே காலை நீட்டிப் படுத்ததில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சினேகிதிகள் எல்லாரிடமும் சொல்லித் தீர்த்தேன்.

மாமாவிடம் பாலைவனச் சட்டங்கள் நிறைய இருந்தன. செருப்பைத் தட்டிவிட்டுத்தான் போட வேண்டும், தேள் இருக்கும். நான் தட்டியபோது ஒரு தவளை விழுந்தது. நாய்க்கு உச்சி வெயிலில் சோறு வைக்கக் கூடாது. ஜன்னலில் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டால் காற்று குளுகுளுவென்று வரும். அங்கே வந்திருக்கலாம். எங்கள் ஊர்க் காற்றே நனைந்த சாக்கு மாதிரிதான் இருக்கும் என்பதை மாமா மறந்துபோயிருந்தார். சாக்கு உலரவேயில்லை. சில நாளில் புழுங்கல் நெல் அவித்த நாற்றம் அடித்தது. அப்பா பனியனைப் பிழிந்துகொண்டே, சவுதிக்கு விசா இல்லாமல் வந்ததற்கு இதுதான் தண்டனை என்றார்.

இதற்கிடையில்தான் வாத்துகள் குற்றம் செய்தன. லாரியில் வருகிற தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்துச் சிக்கனமாகக் குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு மத்தியானம் மூடியை யாரோ திறந்து வைத்துவிட, நான்கில் தைரியசாலியான ஒன்று படிமேல் ஏறி உள்ளே குதித்து ஆனந்தமாக நீந்தியது. அம்மா கத்தவில்லை. அவள் கத்தாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும். போனை எடுத்துக் கள்ளுக்கடைச் சமையல்காரரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா தரையைப் பார்த்தார். அப்படியொரு பயத்தை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

மறுநாள் அப்பா பொறுக்க முடியாமல், மாமா கரண்ட் தின்னும் என்று தொடாமலே வைத்திருந்த ஏ.சி.யைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் கேபினுக்குப் பின்னால் மாமா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். ஏ.சி.யின் அடிக் குழாயிலிருந்து தண்ணீர் ஓயாமல் சொட்டிக்கொண்டிருந்தது. “அங்க நாள் முழுக்க ஓடினாலும் ஒரு மூடி தண்ணிதான் வரும். குருவி குடிக்கியதுக்கு வெப்பேன். இங்க பாரு மக்கா, காத்துல அம்புட்டும் தண்ணியாக்கும்” என்றார். எங்கள் ஊரின் புழுக்கத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். உடனே மண்வெட்டியை எடுத்தார். பின்பக்கம் குழி தோண்டி, தார்ப்பாய் விரித்து, ஏ.சி.யிலிருந்து ஒரு குழாயை இழுத்துவிட்டோம். ஏ.சி. ராத்திரியும் பகலும் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குழியில் நின்ற தண்ணீரில் என் முழங்கால்கூட நனையாது. வாத்துகளுக்கு அது நெய்யாறு.

சமையல்காரர் சாக்கோடு வந்தார். அம்மா கேபினுக்குள் நன்றாகக் குளிர்ந்து, நன்றாக உறங்கி எழுந்திருந்தாள். குழியில் தலையை முக்கி முக்கி எடுக்கிற வாத்துகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “தாறா இப்ப விக்கியதுக்கு இல்ல அண்ணே. அதுகளுக்கு ஏ.சி. போட்டாச்சு” என்றாள். அவர் சாக்கை மடித்துக்கொண்டு குன்று இறங்கியதைப் போல ஒரு நல்ல காட்சியை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

பிறகு மழை பிடித்தது. குன்று முழுக்கச் செம்மண் வெள்ளம். மாமா கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினார். “எலே, உள்ள வந்து கெட. தரையில எடம் உண்டு” என்று அம்மா பலமுறை கூப்பிட்டாள். “வேண்டாம் அக்கா, தாறா பேடிக்கும்” என்று அடியிலிருந்து பதில் வரும். மழைக்கு வாத்து பயப்படும் என்று நானும் நம்பினேன்.

வீடு முடிந்து பால் காய்ச்சினோம். வெற்றி பெற்ற படை மாதிரி, வாத்துக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் இறங்கினேன். நாய் ஆட்டோவுக்கு முன்னால் ஓடியது. ஆனால் அது புது வீட்டில் தங்கவில்லை. பொழுது சாய்ந்தால் காணாமல் போகும், தேடினால் குன்றின் மேல் இருக்கும். கட்டிப் போட்டால் கயிற்றைக் கடித்துவிட்டுப் போனது. இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய நாய்க்குத் தன் வீடு எது என்றுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு ஒரே கோபம்.

ஒரு மத்தியானம் அதை இழுத்து வரப் போனேன். கேபின் கதவு திறந்திருந்தது. நாய் வாசலில் படுத்திருந்தது. உள்ளே, நானும் அம்மாவும் படுத்த கட்டிலில், மாமா காலை நன்றாக நீட்டி வாயைத் திறந்து உறங்கிக்கொண்டிருந்தார். நான் எழுப்பாமல் திரும்பிவிட்டேன். வழியெல்லாம் அவரை நினைத்துப் பாவமாக இருந்தது.

“அம்மா, மாமா உள்ள கெடந்து உறங்கியாரு. நம்ம கூட இருந்து அவருக்கப் பழக்கமெல்லாம் போச்சு” என்றேன்.

அம்மா அடுப்பைத் தணித்தாள். பிறகு எழுந்து, எங்கள் சாமான்களோடு வந்துவிட்டிருந்த அந்த ஒற்றைத் தட்டையும் தம்ளரையும் தேடி எடுத்தாள். புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, மீன்குழம்போடு ஒரு பையில் வைத்து, மாமன் எழுந்ததும் கொடுத்துவிட்டு வா என்றாள். நாயை இனிமேல் கட்டிப் போடாதே என்றும் சொன்னாள். ஒரு தட்டுக்காக இவ்வளவு தூரமா என்று முணுமுணுத்துக்கொண்டேதான் மறுபடி குன்று ஏறினேன். சும்மா கிடந்த கேபின் என்று ஒன்று அந்தக் குன்றில் எப்போதுமே இருந்ததில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.