சித்தப்பாவின் காருக்குக் கங்கைத் தீர்த்தம்

பினாங்கில் குளிரால் கார் கிளம்பாமல் போகுமா என்று சிரிக்க வேண்டாம். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் எங்கள் சித்தப்பாவின் கார் மழைக்காலக் காலையில் ஒரே முயற்சியில் கிளம்பியதாகச் சரித்திரமே கிடையாது. அப்போது பெட்ரோலைக் கண்ணால் காண முடியாது. ரப்பரைக் காய்ச்சி இறக்கிய ஒரு நாற்ற எண்ணெயை ஊற்றித்தான் ஓட்டினார்கள். வெயில் ஏறிவிட்டால் அது எப்படியோ பற்றிக்கொள்ளும். இரவெல்லாம் மழை பெய்து, விடியும்போது காற்றும் சில்லென்று இருந்தால், படுத்த மாட்டை எழுப்பினாலும் எழுப்பலாம், அதை எழுப்ப முடியாது.

மார்க்கெட் ஸ்திரீட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் நாங்கள் கூட்டுக்குடும்பமாக இருந்தோம். அப்பா துறைமுகத்தில் கிராணி, கணக்கு எழுதும் வேலை. கப்பல் வந்துவிட்டால் அங்கேயே தங்கிவிடுவார். சித்தப்பா வாடகைக் கார் ஓட்டினார். நல்ல கார்களையெல்லாம் ஜப்பான்காரர்கள் பிடுங்கிக்கொண்ட நாளில், ஓர் அதிகாரி இந்தக் காரையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டானாம். சித்தி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவளுக்குக் கல்யாணமாகி வெகு காலம் கழித்து வயிற்றில் பிள்ளை தங்கியிருந்தது. சித்தப்பாவை அவள் கேலி செய்யாத நாள் இல்லை, அவருக்கும் அது கேட்காவிட்டால் சோறு இறங்காது.

மழை பெய்த காலைகளில் சித்தப்பா செய்யும் வைத்தியத்தைப் பார்ப்பதற்கென்றே நான் சீக்கிரம் எழுந்துவிடுவேன். முதலில் வயர்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைப்பார். பிறகு பிளக்குகளைக் கழற்றிக்கொண்டு அடுப்படிக்கு வந்து, அம்மாவின் தோசைக்கல்லில் போட்டு வாட்டுவார். மரவள்ளிக்கிழங்கு மாவில் அம்மா அதே கல்லில் சுடும் தோசையில் எண்ணெய் நாற்றம் அடிக்கும். சுடுதண்ணீரில் நனைத்த கோணித்துணியை எஞ்சின்மேல் சுற்றுவார். அதன் பிறகு முன்னால் ஹேண்டிலைப் போட்டு, தோள்பட்டை கழன்றுவிடும்போலச் சுற்றுவார். அதற்கும் மசியவில்லை என்றால் கை கால் கழுவிக்கொண்டு சாமி அறைக்குப் போவார்.

அங்கே அரக்கு வைத்து அடைத்த சின்னச் செப்புச் செம்பு ஒன்று இருந்தது. காசிக்குப் போய் வந்த ஒருவர் கொடுத்த கங்கைத் தீர்த்தம் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். அம்மா அதற்கு நாள் தவறாமல் குங்குமம் வைத்து, பூ கிடைத்தால் பூவும் வைப்பாள். சித்தப்பா அதை வேட்டி மடிப்பில் மறைத்து எடுத்துப்போய் இரண்டு கரண்டி எஞ்சினுக்குள் ஊற்றுவார். அடுத்த சுற்றில் கார் உறுமிக்கொண்டு எழும். கங்காதேவியின் மகிமையில் எனக்கு இருந்த நம்பிக்கை அந்த வயதில் வேறு எந்தத் தெய்வத்தின்மேலும் இருந்ததில்லை.

செம்பில் இருந்தது சண்டைக்கு முன்னால் வாங்கிப் பதுக்கிய அசல் பெட்ரோல். எஞ்சின் ஒருமுறை அதைக் குடித்துச் சூடேறிவிட்டால், ரப்பர் எண்ணெயையும் ஏற்றுக்கொள்ளும். பெட்ரோல் வைத்திருப்பது தெரிந்தால் ஜப்பான்காரன் தலையை வாங்கிவிடுவான். சாமி அறையைத் துழாவமாட்டார்கள் என்று சித்தப்பா கணக்குப் போட்டிருக்கிறார்.

ஒருநாள் செம்பைத் துலக்கலாம் என்று எடுத்த அம்மாவுக்கு வாசனை தெரிந்துவிட்டது. இத்தனை மாதம் பெட்ரோலுக்குப் பூப் போட்டோமே என்ற கோபம் ஒரு பக்கம். அடுத்த சந்தில் ஒரு வீட்டைச் சோதனை போட்டு, தகர டின்னோடு ஒரு மனிதரை இழுத்துக்கொண்டு போனார்கள் என்ற செய்தி வந்ததும், கோபம் போய்ப் பயம் மட்டும் மிஞ்சியது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம். வீட்டில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி, சின்னப் பெண் நான் ஒருத்தி. அம்மா யாரிடமும் சொல்லாமல் பெட்ரோலைச் சாக்கடையில் கொட்டினாள். வெறும் செம்பாக இருந்தால் கொழுந்தன் கேட்பாரே என்று குழாய்த் தண்ணீரை நிரப்பி, அரக்கு வைத்து, குங்குமமும் வைத்துவிட்டாள். சோதனை ஓய்ந்ததும் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாளாம். இதெல்லாம் அவள் தன் கடைசிக் காலத்தில் எனக்குச் சொன்னது.

அதற்குள் சித்திக்கு வலி கண்டுவிட்டது. மூன்று நாளாக விடாத மழை, சவாரி கிடைக்காது என்று சித்தப்பா காரை எடுக்கவேயில்லை. மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, என்னால் ஆகாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று கையை விரித்துவிட்டாள். விடிந்தும் விடியாத நேரம். அப்பா துறைமுகத்தில். அம்மா உள்ளே சித்தியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா துடைத்தார், வாட்டினார், சுற்றினார். கார் இருமக்கூட இல்லை. உள்ளேயிருந்து சித்தி கத்தும் சத்தம் வாசல்வரை கேட்டது.

கை கழுவாமல் அவர் சாமி அறைக்கு ஓடியது அன்றுதான். ஒரு கரண்டி, இரண்டு கரண்டி என்று பார்க்கவில்லை. செம்பை அப்படியே கவிழ்த்தார். அவர் கையிலும் சட்டையிலும் ரப்பர் எண்ணெய் நாறியது, செம்பில் பெட்ரோல் வாசனை இல்லாதது மூக்குக்குத் தெரிந்திருக்காது. ஹேண்டிலைச் சுற்றினார். திரும்பத் திரும்பச் சுற்றினார். பிறகு நின்று, செம்புக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தார். கஷ்டகாலத்தில் தீர்த்தம் எடுத்துக்கொள்கிறார் என்று நினைத்து நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அம்மா அப்போதுதான் வாசலுக்கு ஓடி வந்தாள். செம்பைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். சித்தப்பா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"மழத்தண்ணி உள்ள எறங்கிருச்சு அண்ணி. நேத்து நாந்தான் பானெட்ட சரியா மூடல. இனிமே இந்தக் கார் எழும்பாது. நான் போயி பெச்சா புடிச்சிட்டு வர்றேன்."

அந்த மழையில் ஒரு சீனக் கிழவரின் பெச்சா, மூன்று சக்கர மிதிவண்டி, கிடைத்தது. அவர் மிதிக்க, சித்தப்பா பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே ஓடினார். சித்தி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். அதன் பிறகு அவர்களுக்குப் பிள்ளையே இல்லை.

அம்மா ஒருமுறை உண்மையைச் சொல்ல வாயெடுத்தாளாம். "மழைதான் அண்ணி, விடுங்க," என்று சித்தப்பா எழுந்து போய்விட்டாராம். அதற்குமேல் அவளுக்குத் தைரியம் வரவில்லை. இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சித்தியும் சித்தப்பாவும் அப்போது உயிரோடு இல்லை.

சித்தியின் பழைய கேலி திரும்பி வரவேயில்லை. சண்டை முடிந்து, வெள்ளைக்காரன் திரும்பி வந்து, பெட்ரோல் தாராளமாகக் கிடைத்த பிறகும், எந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் அவள் அங்கேதான் கொண்டுவந்து முடிப்பாள். "ஒரு பானெட்ட மூடத் தெரியாத மனுசனுக்குப் புள்ள எதுக்கு?" என்பாள். சித்தப்பா, "ஆமா, என் தப்புதான்," என்பார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும், இப்படியும் பெண்டாட்டிக்குப் பயப்படுவாரா என்று கொஞ்சம் இளக்காரமாகவும் இருக்கும். அந்த நேரம் பார்த்து அம்மா எழுந்து அடுப்படிக்குப் போவாள். எதையோ அடுப்பில் வைத்துவிட்டு மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அடுப்பு மூட்டியிருக்கவே இல்லை, அம்மா சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். பசிக்கிறது என்று சொல்லி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.