இறக்கிவிட்ட சட்டைக் கை

நாற்காலியில் வந்து உட்காருகிறவர் யாராக இருந்தாலும், தோள்வரை சுருட்டி வைத்திருக்கும் சட்டைக் கையைப் பிடித்து மணிக்கட்டுவரை இழுத்துவிடுவாள் பம்பரம் சிஸ்டர். "கையை மூடுங்க, காதைத் திறங்க. ஊசி எங்கேயும் ஓடிடாது."

அப்புறம் குப்பியை வெளிச்சத்தில் காட்டுவாள். இதில் என்ன இருக்கிறது, எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது, எங்கே வீங்கும், எப்போது காய்ச்சல் வரும் என்று எல்லாம் சொல்லிவிட்டு, "இப்ப நீங்க சொல்லுங்க, நான் என்ன சொன்னேன்?" என்பாள். ஒரு லாரி டிரைவர், "எல்லாம் புரிஞ்சுது சிஸ்டர். குத்துவீங்க, வலிக்கும்" என்றார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். புரிந்தது, வேண்டும் என்றால் வந்தவரே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்ள வேண்டும். அடுத்தவர் சட்டையை அவள் மேலே ஏற்றிவிட்டதே கிடையாது.

"சம்மதம் கேக்கணும்னுதாம்மா சட்டம். கதை சொல்லணும்னு இல்ல," என்பார் டாக்டர். "அதான் எல்லாரும் தலையாட்டுறாங்களே!"

"எங்க வீட்டு ஃபேன்கூடத்தான் தலையாட்டுது டாக்டர். அதுக்கும் ஒண்ணு போடட்டுமா?"

பேசும்போதும் ஒரு இடத்தில் நிற்கமாட்டாள். பஞ்சை அடுக்குவாள், அடுக்கியதைக் கலைப்பாள், மருந்துப் பெட்டியின் குளிர் சரியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பாள், நேராக இருக்கும் கடிகாரத்தை நேராக்குவாள். மதியச் சோறுகூட ஜன்னலோரம் நின்றபடிதான். அம்மா வழி ரத்தம் அது. அவள் பெரிய மாமா ரயிலில் உட்காரச் சீட்டு வாங்கிவிட்டு, இறங்கும் வரைக்கும் பெட்டிக்குள் நடந்துகொண்டே போனவர். சின்னம்மா பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனதில், கூட வந்த சித்தப்பாவுக்கு மூச்சு வாங்கி, அவரைத்தான் முதலில் கட்டிலில் படுக்கவைத்தார்கள். தம்பி ஒருவன்தான் அப்பா மாதிரி. உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம்; நெருப்புப் பிடித்தால்தான் எழுந்திருப்பான்.

அந்தத் தம்பி நேற்று வரிசையில் வந்து நின்றான். முதியோர் இல்லம் ஒன்றில் சமையல் வேலை. போன மாதம் அங்கே ஒரே வாரத்தில் இரண்டு பேரைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. ஊசி போடாதவர்கள் மறுநாளிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஊசி என்றாலே இவனுக்குக் குலை நடுங்கும். ஆறு வயதில் பள்ளிக்கூடத்துக்கு ஊசிக்காரர்கள் வந்த அன்று, பக்கத்து வீட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து காலைப் பிடித்து இழுத்து வந்தார்கள். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அந்தப் பயம் மட்டும் வளராமல் அப்படியே இருக்கிறது.

சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி உட்கார்ந்தான்.

"அக்கா, ஒண்ணும் சொல்லாத. சத்தமில்லாம போட்டுடு. நீ சொல்ல ஆரம்பிச்சா நான் ஓடிடுவேன்."

குப்பி பக்கத்தில் இருந்தது. கை திறந்திருந்தது. ஒரு நொடி வேலை. அவன் வேலை நிலைக்கும். அந்தக் காய்ச்சலை நினைத்து விழித்துக்கொள்ளாமல் இவளும் தூங்கலாம். கதவோரமாகப் போன டாக்டர் எட்டிப் பார்த்து, "உன் தம்பிதானேம்மா? சட்டுனு முடி. வரிசை வாசலைத் தாண்டிடுச்சு" என்றார்.

பம்பரம் பஞ்சை அடுக்கினாள், கலைத்தாள். கடிகாரத்தைத் தொட்டாள். திரும்பி வந்து தம்பியின் சட்டைக் கையைப் பிடித்து மணிக்கட்டுவரை இழுத்துவிட்டாள்.

"அடிப்பாவி!" என்று கண்ணைத் திறந்தான்.

"கத்தாத. கேளு." எல்லாம் சொன்னாள். வீக்கத்தைச் சொன்னாள், காய்ச்சலைச் சொன்னாள். "எப்பவாவது யாராவது ஒருத்தருக்கு மூச்சு முட்டும். அதுக்குத்தான் அரை மணி இங்கேயே உட்காரச் சொல்றது. அப்படி ஆனா குடுக்கற மருந்து இதோ, என் கைக்கு எட்டுற தூரத்துல. வேண்டாம்னாலும் சொல்லலாம். உங்க மேனேஜர்கிட்ட நான் வந்து பேசறேன், கேப்பாரான்னு தெரியாது."

"நீ என்னக்கா சொல்ற? போட்டுக்கவா?"

"நான் போட்டுக்கிட்டேன். நீ போட்டுக்கணும்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு நிக்கறேன். ஆனா உடம்பு உன்னோடதுடா."

உட்கார்ந்தால் எழாதவன் எழுந்துவிட்டான். விறுவிறுவென்று வாசல்வரை போனான். வரிசையில் இருந்த ஒரு அம்மாள், "ஐயோ சிஸ்டர், பிடிங்க, தம்பி ஓடுறான்!" என்று கத்தினாள்.

நிலைப்படியில் நின்றான். முதுகு இந்தப் பக்கம். அவன் விரல்கள் சட்டைக் கையின் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தன. பூட்டவும் இல்லை, கையை மேலே மடிக்கவும் இல்லை.

இவள் வாய் திறந்தது, மூடியது. கால் ஒரு எட்டு வைத்தது. பிறகு பம்பரம் சிஸ்டர், அந்த அறையில் யாரும் இதுவரை பார்த்திராத விதமாக, அவன் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.