காரணம் எழுதாமல் நிறுத்த முடியாது

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், பரவாயில்லை, சிரித்துவிட்டே கேளுங்கள். பேய், ஆவி, சகுனம் எதையும் நம்பினவள் இல்லை நான். எங்கள் ஊர் திருக்கழுக்குன்றம். மலைக்கோயிலுக்குத் தினமும் சோறு தின்ன வந்துகொண்டிருந்த கழுகு ஏன் வராமல் போனது என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கலி முத்திப்போச்சு என்பாள் அம்மா. "வேற எங்கயாவது சோறு கெடச்சிருக்கும்மா" என்பேன் நான். அப்படிப்பட்ட வாய் எனக்கு. படித்தது கெமிஸ்ட்ரி, வேலை திருப்போரூர் பக்கம் ஒரு மூலிகைக் கம்பெனியின் லேபில்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மூலிகைப் பொடியைக் கரைத்துச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி மிஷினில் வைப்போம். அது ஒரு சொட்டுக்கும் குறைவாக உறிஞ்சி ஒரு குழாய் வழியாக அனுப்பும். செடியில் இருக்கும் ஒவ்வொரு சத்தும் அதற்கென்று ஒரு நிமிடத்தில் வெளியே வரும், வரும்போது கம்ப்யூட்டர் திரையில் கோடு மேலே ஏறி இறங்கும். அதைத்தான் பீக் என்போம். கீழாநெல்லியின் பீக் எங்கள் மிஷினில் பதினான்காவது நிமிடத்தில் வரும். அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு குணம் உண்டு, எதையும் அழிக்க விடாது. ஓடிக்கொண்டிருப்பதை நடுவில் நிறுத்தினால் ஒரு கட்டம் திறந்து காரணம் கேட்கும், எழுதினால்தான் விடும். நாங்கள் "தவறுதலாக" என்று அடித்துவிட்டு டீ குடிக்கப் போவோம்.

என் தம்பி குமார் மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் கண்ணெல்லாம் மஞ்சளாக வந்து நின்றான். "ஆஸ்பத்திரிக்குப் போலாமாக்கா?" என்று என்னைத்தான் கேட்டான், வீட்டில் படித்தவள் நான்தானே. வேண்டாம் என்றேன். காமாலைக்குக் கீழாநெல்லி என்பது ஊரறிந்த விஷயம், அதிலும் நான் கொடுத்தது கண்ட கடைப் பொடி இல்லை. லேபில் சோதித்து, பாஸ் என்று நானே கையெழுத்துப் போட்டு, அலமாரியில் மிச்சமாக வைத்திருந்த பொடி. அது முழுவதையும் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். எனக்கு அவ்வளவு திமிர். அவனும் போனில் சிநேகிதனிடம், "எங்கக்காவே டெஸ்ட் பண்ணது மச்சான்" என்று பீற்றிக்கொள்வான். தினமும் காலையில் மோரில் கலக்கிக் கொடுப்பேன். பாதி டம்ளரிலேயே முகத்தைச் சுளிப்பான்.

"போதும்க்கா, கொமட்டிக்கினு வருது."

"இன்னும் ஒரே ஒரு வாய்டா. மருந்துடா இது."

பன்னிரண்டு நாள் இப்படி. அதற்கடுத்த நாள் அவனுக்கு அம்மாவையே அடையாளம் தெரியவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "இத்தனை நாள் என்னம்மா பண்ணீங்க?" என்றார் டாக்டர்.

அப்போதுதான் அந்தச் சந்தேகம் என்னைப் பிடித்தது. அந்தப் பொடி அலமாரியில் எத்தனை காலம் கிடந்தது? அதில் சத்து என்று ஏதாவது மிச்சம் இருந்ததா, இல்லை தம்பிக்கு வெறும் மண்ணைக் கரைத்துக் கொடுத்தேனா? சத்து இருந்திருந்தாலும் தப்பு தப்புதான், ஆஸ்பத்திரிக்கு விடாதவள் நான். ஆனாலும் தெரிந்தாக வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவை அவன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த கடைசிச் சிட்டிகையைச் சுரண்டி எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனேன். கம்பெனிக் குப்பிகள் ஏற்கனவே வரிசையில் இருந்தன, என்னுடையதைக் கடைசியில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பகலில் அதன் முறை வரும், மிஷின் தானாகவே ஓட்டிவிடும். லேபைப் பூட்டி, சாவியை வாட்ச்மேன் துரை அண்ணனிடம் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன்.

ஞாயிறு பகல் பதினொன்று ஐம்பத்திரண்டுக்குக் குமார் போய்விட்டான். அவன் கை என் கையில்தான் இருந்தது. அவன் வேன் நிறுத்தும் இடத்துக்கு எதிரே தெரியும் கடலிலேயே அஸ்தியைக் கரைத்தோம்.

காரியமெல்லாம் முடிந்து லேபுக்குப் போனபோது குப்பிகளை வழக்கம்போல் அப்புறப்படுத்தியிருந்தார்கள். மிஷின் ஓடின பதிவு கம்ப்யூட்டரில் இருக்குமே என்று திறந்தேன். மற்ற எல்லாம் முழுதாக ஓடியிருந்தன. என்னுடையது மட்டும் பாதியில் நின்றிருந்தது. கோடு தரையோடு தரையாக வந்து, பதினான்காவது நிமிடத்தில் லேசாக மேலே ஏற ஆரம்பித்து, அந்த இடத்திலேயே அறுந்திருந்தது. அது பீக்கா, சும்மா ஒரு நடுக்கமா, யாராலும் சொல்ல முடியாது. நின்ற நேரம் பதினொன்று ஐம்பத்திரண்டு. நிறுத்தியவர் என்ற இடத்தில் என் பெயர்.

கரண்ட் போயிருந்தால் அது வேறு மாதிரி பதிவாகும். அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட்டும் கிடையாது, வெளியிலிருந்து யாரும் தொட முடியாது. துரை அண்ணனிடம் ஓடினேன்.

"ஞாயித்துக்கெழம ஒரு ஈ காக்கா உள்ள போவல மேடம். நான் இங்கியேதான் குந்திக்கினு இருந்தேன். சாவி என்னாண்டதான் கீது."

திரும்பி வந்து காரணக் கட்டத்தைத் திறந்தேன். அதற்குத் தமிழ் வராது, இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்க வேண்டும். இரண்டே வார்த்தை இருந்தது. போதும் அக்கா.

யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படி நினைக்க எவ்வளவோ பார்த்தேன். ஆனால் அக்கா என்று இங்கிலீஷில் அடிக்கும்போது எல்லோரும் இரண்டு கே போடுவார்கள். குமார் மட்டும் நான் எத்தனை தடவை திருத்தினாலும் ஒரே ஒரு கேதான் போடுவான், அவன் அனுப்பின வாட்ஸப் எல்லாம் இன்னும் என் போனில் இருக்கிறது. அந்தக் கட்டத்திலும் ஒரே ஒரு கேதான்.

அழிக்க முடியாது என்று சொன்னேன் இல்லையா? ஆடிட்டுக்கு வருகிறவர் அந்த வரியில் விரல் வைத்து, "இது என்ன காரணம் மேடம்?" என்று கேட்கிறார். தவறுதலாக என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். வேறென்ன எழுதுவது? அந்தப் பொடியில் மருந்து இருந்ததா என்று சாகிறவரை எனக்குத் தெரியப்போவதில்லை. அவன் போதும் என்றதும் மிஷின் நின்றுவிட்டது. பன்னிரண்டு நாளில் ஒரு நாள்கூட நான் நிறுத்தவில்லை.