ஜீப்பு இறங்கும் வரை

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். பத்திரிகைக்கு எழுத எனக்கு என்ன தெரியும் என்று பலமுறை பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆவணி மாதம், ஒரு சனிக்கிழமை. போடிக்கு மேலே மலையில் ஏலக்காய் பறிக்கப் போயிருந்தேன். காலையில் ஜீப்பு ஏறினால் திரும்ப சாயங்காலம் ஆகிவிடும். எங்கள் வீட்டுக்கு ஒரே போன். மழை நாளில் ஜீப்பு எங்கே வந்து நிற்கும் என்று அதில்தான் சொல்வார்கள். அதனால் அதுவும் என்னோடு மலையேறும். ஒன்பதாவது படிக்கும் மகளுக்கு நான் இறங்கிய பிறகுதான் கிடைக்கும்.

அவள் வகுப்புக்கு வாட்ஸப் குரூப் உண்டு. அந்த வாரம் டீச்சர் பிள்ளைகளை நாலு நாலு பேராகப் பிரித்து, போனிலேயே எல்லோரும் சேர்ந்து எழுதுகிற ஒரு பக்கம் கொடுத்திருந்தார். அவரவர் தெருவில் மழைத்தண்ணீர் எங்கே போகிறது என்று எழுத வேண்டும். எந்த வரியை யார் எழுதியது என்று அதில் பேர் காட்டுமாம். அன்றைக்குள் முடிக்க வேண்டும்.

தோட்டத்தில் ஒரு பாறைமேல் ஏறினால் மட்டும் டவர் கிடைக்கும். சாப்பாட்டு நேரத்தில் ஏறினேன். மகளோடு எழுதும் ஒரு பிள்ளை குரூப்பில் கேட்டிருந்தாள்: இவள் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை, பேரை எடுத்துவிட்டு மூன்று பேராக முடித்துவிடலாமா என்று.

எனக்கு டைப் பண்ண வராது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள், அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் போகும் என்று நினைத்து மைக்கை அழுத்திப் பேசினேன்.

“ஆத்தா, நான் அவ அம்மா பேசுறேன். போனு எங்கிட்ட மலையில கெடக்கு. அவ மேல தப்பில்ல. ஜீப்பு எறங்குனதும் எழுதிருவா. பேர எடுத்துறாதீக.”

கீழே நின்ற என் கூட்டாளி, “யாருகிட்ட கெஞ்சிக்கிட்டு நிக்கிற? கஞ்சி ஆறுது, வெரசா எறங்கு” என்று போட்ட சத்தமும் அதில் சேர்ந்துவிட்டது.

அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். மொத்த வகுப்புக்கும், டீச்சருக்கும் போயிருந்தது. அழிக்கத் தெரியவில்லை. மகள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற நினைப்பில் பிஞ்சையும் சேர்த்துப் பறித்துத் திட்டு வாங்கினேன்.

சாயங்காலம் மூடுபனி. ஜீப்பு ஊர்ந்து இறங்கியது. பாதி வளைவு தாண்டியதும் டவர் வந்து போன் விடாமல் அடித்தது. எனக்குத் திறக்கப் பயம். கூட்டாளி பிடுங்கி, சத்தமாகப் போட்டுவிட்டாள். எல்லாம் பிள்ளைகளின் குரல்.

பேரை எடுக்கக் கேட்டவள்தான் முதலில். “அம்மா, எனக்குத் தெரியாதும்மா. அவ எடம் அப்பிடியே இருக்கு. நாங்க காத்திருக்கோம்.” அடுத்து ஒரு பையன்: “டிரைவர் அண்ணே, வளைவுல பாத்து ஓட்டுங்க. இங்க ஒண்ணும் அவசரமில்ல.” இன்னொருத்தி: “பின்னாடி சத்தம் போட்ட ஆத்தா, கஞ்சி குடிச்சிட்டீகளா?”

ஜீப்பே சிரித்தது. என் கூட்டாளி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இறங்குமிடத்தில் மகள் காத்து நின்றாள். நடந்ததைச் சொல்லிப் போனைக் கொடுத்தேன். என் குரலை இரண்டு தடவை போட்டுக் கேட்டாள். “நீயாம்மா பேசுன?” என்றாள். ஜீப்பில் சாய்ந்து நின்றபடியே எழுத ஆரம்பித்தாள். அவள் முடிக்கும் வரை டிரைவர் விளக்கை அணைக்காமல் நின்றார்.

அந்தக் குரல்களை நான் இன்னும் வைத்திருக்கிறேன். முகம் தெரியாத பிள்ளைகள் நான் இறங்கும் வரை காத்திருந்தார்கள் என்ற நினைப்பு, இன்றைக்கும் ஒவ்வொரு வளைவிலும் என்னோடு கூடவே இறங்குகிறது.

அந்தச் சனிக்கு மறுநாள் ஞாயிறு, ஜீப்பு கிடையாது. துணி துவைத்தேன்.