‘நான் பாத்துக்கறேன்’ என்று அவர் சொன்ன காலம்

எங்கள் பெரிய மகளுக்கு ஒரு வயது முடிந்து நான் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தபோது, அடுத்த குழந்தை இப்போதைக்கு வேண்டாம் என்பதில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. எப்படித் தள்ளிப்போடுவது என்பதைத்தான் நாங்கள் பேசவில்லை. ஒருநாள் அவராகவே, "நீ ஒண்ணும் கவலப்படாத, நான் பாத்துக்கறேன்" என்றார். கடைசி நேரத்தில் விலகிக்கொள்வதைத்தான் அப்படிச் சொன்னார். எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர் கிடையாது. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. கடைக்குப் போக வேண்டாம், மாத்திரை விழுங்க வேண்டாம், யாரிடமும் வாய் திறந்து கேட்க வேண்டாம்.

அவரை நம்புவதற்குக் காரணமும் இருந்தது. வீட்டைப் பூட்டிவிட்டுப் படியிறங்கியவர், திரும்ப ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். கேஸை மூடினோமா என்று பாதி வழியிலிருந்து என் அம்மாவுக்குப் போன் போடுவார். இருங்காட்டுக்கோட்டையில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. அளவு சரியில்லாத ஒரு பாகம்கூடத் தன் கையைத் தாண்டிப் போனதில்லை என்று சொல்லிக்கொள்வார். அப்படிப்பட்ட மனுஷன் பார்த்துக்கொள்கிறேன் என்றால் பார்த்துக்கொள்வார்தானே.

நாங்கள் குன்றத்தூரில் வாடகைக்கு இருந்தோம். அம்மா வீடு அடுத்த தெருவில். குழந்தை பகலெல்லாம் அங்கேதான். எனக்கு ஒரகடத்தில், வண்டிகளுக்கான ஒயர் கட்டுகளைத் தயாரிக்கும் லைனில் வேலை. அவருக்கும் எனக்கும் வாரா வாரம் ஷிஃப்ட் மாறும். சில வாரங்களில் ஒரே வீட்டில் இருந்தும் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். நான் இறங்குவேன், அவர் ஏறுவார். பாப்பா சாப்பிட்டாளா, குக்கரில் சாதம் இருக்கிறது, அவ்வளவுதான் பேச்சு. இப்படி எப்போதோ ஒருநாள் சேர்ந்திருக்கிறவர்களுக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று உள்ளுக்குள் ஒரு தைரியமும் இருந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் எதுவும் ஆகவில்லை. மாதா மாதம் எனக்குத் தலைக்கு ஊற்றும் நாள் சரியாக வந்துவிடும். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கம்பெனியில் பரிசு வாங்கியவர் மாதிரி, "பாத்தியா?" என்பார். நான் தலையணையை எடுத்து எறிவேன்.

பஸ்ஸில் எப்போதும் என் பக்கத்தில் உட்காருகிற அக்கா ஒருத்தி உண்டு. தென்காசிப் பக்கத்துக்காரி, இரண்டு பையன்கள். பின் சீட்டில் பெண்கள் மட்டும் இருக்கும்போது பேச்சு எங்கெங்கோ போகும். பால் கொடுக்கிற வரைக்கும் கரு நிற்காது என்பாள் ஒருத்தி. தேதி பார்த்து இருந்தால் போதும் என்பாள் இன்னொருத்தி. கர்ப்பப்பையில் வைக்கிற காப்பர்-டி போட்டால் அது நெஞ்சுக்கு ஏறிவிடும் என்றுகூட ஒருத்தி சொன்னாள். ஒருநாள் நானும் சேர்ந்துகொண்டு, எங்களுக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை, அவரே பார்த்துக்கொள்கிறார் என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் என் காதருகே குனிந்து, "எங்க வீட்டுல உள்ளவுகளும் அப்படித்தான் சொன்னாவ" என்றாள்.

அவர் சரியாகச் செய்யவில்லையா என்று கேட்டேன்.

"ஒரு நாளும் தவறுனதில்ல. அப்பவும் நின்னுட்டு. சின்னவன் இல்லாம இப்ப எனக்கு ஒரு பொழுது போவாது. ஆனா அன்னைக்கு நான் அவனக் கேக்கலட்டி."

இதை வீட்டில் வந்து சொன்னபோது என்னவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. அந்த ஆள் ஏதாவது ஒருநாள் ஏமாந்திருப்பார், பெண்டாட்டியிடம் சொல்லியிருக்க மாட்டார் என்றார். "இன்னாம்மா நீ, ஊர்ல இருக்கறவனையெல்லாம் என்கூட சேத்துப் பேசற" என்று குறைபட்டுக்கொண்டார். நானும் விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பேருக்கும் லீவு ஒன்றாக விழுந்து வெகு நாளாகியிருந்தது. பாப்பாவை அம்மா கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார். மத்தியானம், வெளியே நல்ல வெயில், ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் அவரால் பார்த்துக்கொள்ள முடியாமல் போனது.

கட்டில் ஓரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். "தப்பாயிடுச்சும்மா" என்றார். நான் மனசுக்குள் தேதியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு மாதவிலக்குக்கும் சரியாக நடுவில் இருந்தது. என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு அவர் எழுந்து சட்டையை மாட்டினார். உடனே போட்டுக்கொண்டால் கரு நிற்காமல் தடுக்கும் மாத்திரை ஒன்று இருப்பதாகக் கம்பெனியில் யாரோ பேசிக் கேட்டிருக்கிறார். அதை வாங்கி வருவதாகச் சொல்லி பைக்கை எடுத்தார்.

தெருமுனை மெடிக்கல் கடைக்காரர் என் அப்பாவுக்குத் தெரிந்தவர் என்பதற்காக அதுவரை ஒரு ஆணுறைப் பாக்கெட் வாங்கக் கூசியவர் அவர். போனவர் பொழுது சாய்ந்தும் வரவில்லை. விளக்கு வைத்த பிறகு வந்தார். கையிலிருந்த பையைக் கட்டிலில் கவிழ்த்தார். கிரைப் வாட்டர், பஞ்சு, தலைவலித் தைலம், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர், இரண்டு குழந்தை சோப்பு. மாத்திரை மட்டும் இல்லை.

நடந்ததை நான் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. தெருமுனைக் கடையில் வண்டியை நிறுத்தவே இல்லை. அடுத்த கடையில் பெண்கள் நின்றிருந்ததால் பஞ்சு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்கடுத்த கடையில் துணிந்து கேட்டதற்கு, அந்த மாத்திரையெல்லாம் நாங்கள் வைப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். இல்லை என்றவர்களிடமிருந்து வெறுங்கையோடு திரும்ப வெட்கப்பட்டு ஏதாவது ஒன்றை வாங்கியிருக்கிறார். இப்படியே தண்டலம் வரைக்கும் போயிருக்கிறார். ஒரே ஒரு கடையில்தான் டாக்டர் சீட்டு இருந்தால் கொண்டு வாருங்கள், சொல்லி வரவழைக்கிறோம் என்றார்களாம்.

எனக்கு அந்தப் பயத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. சோப்பை எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டே சிரித்தேன். அவரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த அக்கா வூட்டுக்காரரைப் பத்தி நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார்.

அந்த அக்காவுக்கே போன் போட்டேன். மருந்துக் கடையெல்லாம் சுற்றாதே, நாளைக்கே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போ, நாள் கடத்தாதே என்றாள். மறுநாள் இரண்டு பேரும் லீவு சொன்னோம். மாத்திரை வாங்கத்தான் போனோம்.

அங்கே இருந்த சிஸ்டர் என் வயதுக்கு ஒன்றிரண்டு கூடுதலாக இருப்பார். நான் மென்று விழுங்கிச் சொன்னதை, காய்ச்சல் என்று சொன்ன மாதிரி சாதாரணமாகக் கேட்டுக்கொண்டார். இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்றார். சொன்னேன். வெளியே பாப்பாவைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்த அவரையும் உள்ளே வரச் சொன்னார்.

சிஸ்டர் பொறுமையாகச் சொன்னார். ஒரு வருஷம் முழுக்க இந்த முறையை மட்டும் நம்பி இருப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருத்திக்குக் கரு நின்றுவிடுகிறதாம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சமும் பிசகாமல் செய்தால் அது குறையும், ஆனால் மனுஷனால் ஒவ்வொரு தடவையும் அப்படி இருக்க முடியாது. சரியான நேரத்தில் விலகினாலும் அதற்கு முன்பே கசிவதில் உயிரணு இருக்கலாம். ஆணுறை இதைவிட மேல், நோய்த்தொற்றையும் பெருமளவு தடுக்கும். தினமும் மறக்காமல் போட்டால் மாத்திரை அதைவிட மேல். ஷிஃப்ட் மாறி மாறித் தூங்குகிற எனக்கு அது மறந்துபோகும் என்று சிஸ்டரே சொல்லிவிட்டார். காப்பர்-டி போட்டால் நூறு பேரில் ஒருத்திக்கு நிற்பதே அபூர்வம்.

என்னவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். "அப்போ இத்தினி நாளா நான் பண்ணதெல்லாம் வீணா சிஸ்டர்?"

"வீணில்லண்ணே. ஒண்ணுமே பண்ணாம இருக்கறதுக்கு அது எவ்வளவோ மேல். ஆனா பாரத்தையெல்லாம் நீங்க ஒருத்தரே சுமந்துக்கினு இருந்தீங்க."

அந்த வார்த்தைக்காகவே அந்த சிஸ்டரை எனக்குப் பிடித்துப்போனது. என்னவர் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது.

நேற்று நடந்ததற்கும் சேர்த்தே காப்பர்-டி பலன் தரும், ஐந்து நாளுக்குள் போட்டுக்கொண்டால் மாத்திரையைவிட நிச்சயம் என்று அங்கிருந்த டாக்டரம்மா சொன்னார். நெஞ்சுக்கு ஏறுமா என்று கேட்டேவிட்டேன். கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்குப் போக வழியே கிடையாது என்றார். உடனே சரி சொல்ல வேண்டியதில்லை, இரண்டு பேரும் வெளியே போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்றும் சொன்னார். வேப்ப மரத்தடியில் நின்றோம். "உன் உடம்பு, நீ சொல்றதுதான். வேணான்னா நான் கடைக்குப் போயி அந்தப் பாக்கெட்டை வாங்கியாறேன்" என்றார். முந்தின நாள் அவர் கொண்டுவந்த கிரைப் வாட்டர் எனக்கு நினைவுக்கு வந்தது. போட்டுக்கொள்கிறேன் என்றேன்.

போடும்போது அடிவயிற்றைச் சுண்டி இழுத்தது, நான் பயந்த அளவுக்கு இல்லை. கஷ்டம் அதற்கப்புறம்தான். அந்த மாதம் எனக்குக் கரு நிற்கவில்லை, ஆனால் உதிரப்போக்கு வழக்கத்தைவிட அதிகம். நின்றுகொண்டே வேலை செய்கிற லைனில், நினைத்தபோது பாத்ரூம் போக முடியாத இடத்தில், அது சாதாரணப் பாடில்லை. இரண்டு மாதம் பார்த்துவிட்டு எடுத்துவிடலாமா என்று அழுதேன். அந்த நாட்களில் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால்கூட அவர் படுக்க மாட்டார். வெந்நீர் வைப்பார், என் யூனிஃபார்மைத் துவைப்பார், முருங்கைக்கீரையை ஆய்ந்து, ஆய்ந்து, பாதிக் காம்போடு பொரியல் செய்வார். எடுக்கச் சொல்லவும் இல்லை, வைத்துக்கொள்ளச் சொல்லவும் இல்லை. சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து, பெரும்பாலும் சில மாதத்தில் அடங்கிவிடும், அடங்காவிட்டால் எடுத்துவிட்டு வேறு பார்ப்போம் என்றார்கள். அதற்கப்புறம் அடங்கிவிட்டது.

எனக்கு அதில் பெரிய ஆச்சரியம் வேறொன்று. அதுவரை எங்கள் இருவருக்கும் நடுவில் எப்போதும் ஒரு ஜாக்கிரதை படுத்திருந்தது. அவர் அந்தக் கடைசி நொடியையே நினைத்துக்கொண்டிருப்பார், நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது போன பிறகு, அதிசயமாக ஒரே ஷிஃப்ட் கிடைத்த வாரங்களில், நாங்கள் கல்யாணமான புதிதில் இருந்ததைவிட அதிகமாகப் பேசினோம். என்ன பேசினோம் என்று கேட்டால் தெரியாது. சூப்பர்வைசரைப் பற்றி, பாப்பா புதிதாகக் கற்ற சொற்களைப் பற்றி, சில நாள் ஒன்றுமில்லாததைப் பற்றி.

பெரியவள் எல்கேஜி சேர்ந்த வருஷம் இன்னொரு குழந்தை வேண்டும் என்று தோன்றியது. முதலில் சொன்னது நான்தான். அவர் இரண்டு நாள் யோசித்து, ஆமாம் என்றார். அதே சுகாதார நிலையத்துக்குப் போய் காப்பர்-டியை எடுத்துவிட்டோம். சிஸ்டர் மாறியிருந்தார். சில மாதத்திலேயே கரு நின்றது. ஸ்கேன் எடுத்த அன்று பஸ்ஸில் அந்தத் தென்காசி அக்காவிடம் சொன்னபோது, அவள் என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஒரகடம் வரும் வரைக்கும் விடவில்லை.

சின்னவளுக்கு இப்போது எட்டு மாதம். பிரசவமான கையோடு மறுபடி காப்பர்-டி போட்டுக்கொண்டேன். இந்தத் தடவை தொந்தரவில்லை. காலை ஷிஃப்ட் முடிந்து நான் வரும்போது அவர் பாயில் மல்லாந்து கிடக்க, அவள் அவர் மார்பில் குப்புறப் படுத்து, எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருப்பாள். எழுந்துவிடுவாளோ என்று அவர் அசையாமல் கிடந்து, எனக்குக் கண்ணாலேயே சொல்வார், செருப்பைச் சத்தமில்லாமல் கழற்று என்று.